கூனைப்பூவா, அவகாடோவா? இருப்பது ஒரே ஒரு மூலை

கேள்வி: கொல்லைப்புறத்தான்

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 12-க்கு 10 அடியில் ஒரு மூலை காலியாகக் கிடக்கிறது. இரண்டு பக்கம் மதில். காலை 8 மணிக்கு விழும் வெயில் பிற்பகல் 3 வரை இருக்கும். அங்கே வைக்க இரண்டு செடிகள் போட்டியில் இருக்கின்றன. ஒன்று அவகாடோ, மற்றது கூனைப்பூ, அதாவது ஆர்டிசோக்.

இப்படி ஒரு விசித்திரமான ஜோடி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மகள் ஒரு அவகாடோ கொட்டையில் பல்குத்தும் குச்சிகளைச் செருகி, அடிப்பாகம் மட்டும் நனையும்படி தண்ணீர் டம்ளரில் உட்கார வைத்தாள். ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. தூக்கிப் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்த அன்றுதான் கொட்டை பிளந்து வெள்ளையாக வேர் தெரிந்தது. இப்போது தொட்டியில் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. எனக்கோ கூனைப்பூ மேல் ஆசை. அந்த வெள்ளி நிற இலையும், பறிக்காமல் விட்டால் விரியும் ஊதாப் பூவும் படத்தில் பார்த்ததிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. "எதையாவது வையுங்கள், சாப்பிட ஏதாவது வந்தால் சரி" என்கிறார் மனைவி.

மண் கறுப்பாக, பார்க்க நன்றாகவே இருக்கிறது. வாஷிங் மெஷின் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகிறது. எப்போதும் ஈரம் இருப்பதால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். எதை வைக்கலாம்?

பதில்: வேலியோரம்

இரண்டும் வேண்டாம். எலுமிச்சை வையுங்கள். நிம்மதியாகத் தூங்கலாம்.

பதில்: சருகு

எலுமிச்சை நல்ல யோசனைதான், ஆனால் அவர் கேட்டது அதுவல்லவே.

நான் இரண்டையும் வளர்த்திருக்கிறேன். இரண்டையும் கொன்றும் இருக்கிறேன். அவகாடோ மூன்று, கூனைப்பூ ஒன்று. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

"தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. என் இரண்டாவது அவகாடோ போனது அப்படித்தான். மூன்று வயது மரம், என் உயரத்துக்கு மேல் வந்துவிட்டது. ஒருநாள் இலைகள் தொங்கின. தாகம் என்று நினைத்து ஒரு வாளி ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னொரு வாளி. புதிதாக வந்த இலைகள் சின்னதாக, வெளிர் மஞ்சளாக இருந்தன. நுனிக் கிளைகள் காய ஆரம்பித்த பிறகுதான் அடியில் தோண்டிப் பார்த்தேன். சோறூட்டும் வேர்களெல்லாம் கறுத்து, விரலால் தொட்டதும் ஒடிந்தன. மண்ணுக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. வேர் அழுகியதால் மரத்தால் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை. அதைத் தாகம் என்று நினைத்து நான் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறேன்.

அவகாடோவின் வேர் மற்ற மரங்களுடையதைப் போல இல்லை. உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடி மண்ணுக்குள்ளேயே படர்ந்திருக்கும். வேர்த்தூவிகள் கிட்டத்தட்ட கிடையாது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். காற்றில்லாமல் ஊறிக்கிடக்கும் மண்ணில் ஃபைட்டோப்தோரா என்கிற வேரழுகல் கிருமி நீந்தி வந்து பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் வீட்டுத் தோட்டக்காரரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் கிருமிக்குப் பெரிய இடம், சின்ன இடம் என்றெல்லாம் பேதமில்லை. உலகெங்கும் விற்கிற ஹாஸ் ரகத்தின் தாய்மரம் கலிஃபோர்னியாவில் இருந்தது. ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920-களில் கொட்டை போட்டு முளைக்க வைத்தது அது. அதன்மேல் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டிப் பார்த்தார், ஒட்டு பிடிக்கவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்த மரம் காய்த்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. 1935-இல் காப்புரிமை வாங்கினார். அந்தத் தாய்மரம் கடைசியில் வேரழுகலில்தான் போனது, 2002-இல். எத்தனையோ பேர் பார்த்துப் பார்த்துக் கவனித்த மரத்துக்கே அந்தக் கதி.

உங்கள் மகளுடைய கன்றுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு. கொட்டையிலிருந்து வரும் கன்று தாய்ப்பழத்தைப் போலக் காய்க்கும் என்று சொல்ல முடியாது. ஹாஸ் பழத்தின் கொட்டையைப் போட்டால் ஹாஸ் வராது, அதன் பிள்ளை வரும். பிள்ளை யாரைப் போல இருக்கும் என்பது காய்த்தால்தான் தெரியும். காய்க்க ஐந்து வருடமும் ஆகலாம், பதிமூன்று வருடமும் ஆகலாம். ஒட்டுக்கன்று என்றால் மூன்று நான்கு வருடத்தில் காய் பார்க்கலாம். ருடால்ஃப் ஹாஸுக்குப் பரிசு விழுந்தது. எனக்கு விழவில்லை. என் முதல் மரம் (கொட்டை மரம்தான்) ஒன்பது வருடம் இலை மட்டும் உதிர்த்தது. அது நோயில் சாகவில்லை, நானே வெட்டினேன்.

இப்போது கூனைப்பூ. இது மரமே இல்லை, பூவுக்காக வளர்க்கிற முட்செடி. சூரியகாந்திக் குடும்பத்தில் வரும் நெருஞ்சில் மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தாவரவியல் தெரிந்தவர்கள் நெருஞ்சில் வேறு குடும்பம் என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும், முள் குத்தும்போது வித்தியாசம் தெரியாது. நான்கைந்து அடி உயரம் வளரும், அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. உங்கள் மூலையில் நான்கு செடி தாராளமாக நிற்கும். ஒரு செடி நான்கைந்து வருடம் இருக்கும். அடியில் பக்கக்கன்றுகள் விட்டுக்கொண்டே போகும், அவற்றைப் பிரித்து நட்டுக்கொள்ளலாம்.

இதற்கும் தண்ணீர் தேங்கக் கூடாது, ஆனால் அவகாடோ அளவுக்குக் கோபித்துக்கொள்ளாது. இதன் பிடிவாதம் வேறு மாதிரி. குளிர் பட்டால்தான் மொட்டு விடும். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே மொத்தம் 250 மணி நேரமாவது வேண்டும். சில ரகங்களுக்கு 500 மணி நேரம்கூட. இது தெரியாமல் முதல் வருடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? குளிரெல்லாம் போன பிறகு நாற்றை நட்டேன். இலையோ இலை! ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்கு, வெள்ளி பூசினது போல. வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மொட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. உரம் போதவில்லையோ என்று தொழுவுரத்தைக் கொட்டினேன், இலை இன்னும் பெரிதானது. அடுத்த குளிர்காலத்தைத் தாண்டிய பிறகுதான் நடுத்தண்டு எழும்பி உச்சியில் ஒரு முஷ்டி அளவு மொட்டு வந்தது. அதைப் பறித்ததும் பக்கங்களில் ஏழு சின்ன மொட்டுகள். சந்தையில் "பேபி" என்று விற்பதும் இதுதான், தனி ரகம் கிடையாது. உள்ளே இழை இன்னும் உருவாகாததால் அதைச் சுத்தம் செய்வதும் சுலபம்.

ஒரு எச்சரிக்கை. "நாளைக்கு இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று காத்திருக்காதீர்கள். மடல்கள் இறுக்கமாக மூடியிருக்கும்போதே இரண்டு மூன்று அங்குலத் தண்டோடு வெட்டிவிட வேண்டும். நான் ஆசைப்பட்டு விட்டதில் இரண்டு மொட்டுகள் விரிந்து, மடல் தோல் செருப்பு மாதிரி ஆகிவிட்டது. நல்ல வெயிலில் இன்னும் சீக்கிரம் விரியும். அப்புறம், வெட்டின கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். கைப்பு லேசில் போகாது.

சரி, நான் முடிவு சொல்வதற்கு முன் எனக்கு உங்களிடமிருந்து இரண்டு விவரம் வேண்டும். அந்த மூலையில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்துக்குக் குழி தோண்டுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது முறை ஊற்றியது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று ஒரு குச்சியில் குறியுங்கள். இன்னொன்று, உங்கள் குளிர்கால இரவு எவ்வளவு இறங்கும், எத்தனை நாள்?

பதில்: செம்மண்

சருகு அக்கா கொட்டைக் கன்றை ரொம்ப பயமுறுத்துகிறார். என் வீட்டில் நிற்பதும் கொட்டை மரம்தான். ஏழாவது வருடம் காய்த்தது. பழம் பெரியது, கொஞ்சம் நீர்ப்பாகு, ஆனால் நாங்கள் விரும்பிச் சாப்பிடுகிறோம். எல்லாரும் ஹாஸே சாப்பிட வேண்டும் என்று சட்டமா?

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் காய் மரத்திலேயே பழுக்கும் என்று காத்திருந்தேன். கல் மாதிரியே இருந்தது. மாதங்கள் போனபின் காற்றில் ஒன்று விழுந்தது, அதை அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். ஒரு வாரத்தில் மெத்தென்று ஆகிவிட்டது. அவகாடோ மரத்தில் முற்றும், பழுப்பது பறித்த பிறகுதான். இது தெரியாமல் காத்திருந்ததில் அந்த வருடம் பாதிக் காயை அணில் முடித்துவிட்டது.

இன்னொரு விஷயம், ஒரு மரம் மட்டும் இருந்தால் காய் குறையும். இதன் பூவுக்கு ஒரு விநோதப் பழக்கம். ஒரே பூ இரண்டு முறை திறக்கும், முதல் முறை பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஏ வகை மரங்களில் காலையில் பெண், மறுநாள் பிற்பகலில் ஆண். பி வகையில் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். ஹாஸ் ஏ, ஃபுவெர்ட்டே பி. இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒன்றுக்கொன்று ஒத்தாசை. என் ஒற்றை மரமும் காய்க்கிறது என்றால், குளிர்ந்த நாட்களில் இந்த நேரக்கணக்கு குழம்பி இரண்டு நிலைப் பூக்களும் ஒரே சமயத்தில் திறந்திருப்பதால்தான். இலட்சக்கணக்கில் பூக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், ஆயிரம் பூவில் ஒன்று காயாக நின்றாலே பெரிது.

பதில்: கூண்டுக்கிளி

எங்கள் வீட்டில் கிளியும் முயலும் இருக்கின்றன. அவகாடோ இலை ஆகாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: சருகு

உண்மை. பெர்சின் என்ற நச்சு இலை, பட்டை, கொட்டை, தோல் எல்லாவற்றிலும் உண்டு. பறவை, முயல், ஆடு, குதிரை எல்லாவற்றுக்கும் ஆபத்து. பறவைக்குப் பழச் சதையும் கொடுக்காதீர்கள். முயல் திரிகிற இடத்தில் இந்த மரம் வேண்டாம், அது இலை உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

செம்மண், உங்கள் மரம் காய்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். என் ஒன்பது வருடத்தை நீங்கள் திருப்பித் தரப் போவதில்லை என்பதால் பொறாமையும் உண்டு. 12-க்கு 10 அடி மட்டும் உள்ளவர் ஏழு வருடம் காத்திருந்து நீர்ப்பாகுப் பழம் வாங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. உங்களுக்கு இடம் எவ்வளவு?

பதில்: செம்மண்

அரை ஏக்கர். சரி, புரிகிறது.

கொல்லைப்புறத்தான்:

குழி தோண்டினேன். முதல் தடவை ஊற்றியது இரண்டரை மணி நேரத்தில் வடிந்தது. இரண்டாவது தடவை முதல் மணி நேரத்தில் அரை அங்குலம்தான் இறங்கியது. மறுநாள் காலையிலும் அடியில் தண்ணீர் நின்றது. மேலே ஒரு சாண் கறுப்பு மண், அதற்குக் கீழே வெறும் களி. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம் இரவில் 7, 8 டிகிரிக்கு இறங்கும். உறைபனி விழாது. பகலில் வெயில் நன்றாகவே அடிக்கும்.

மகளிடம் அவள் கன்று ஹாஸ் ஆகாது என்று சொன்னேன். "அதற்குப் பெயர் கடலை, ஹாஸ் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பதில்: சருகு

கடலைக்கு என் வணக்கம்.

இந்த விவரங்களைப் பார்த்தால் அந்த மூலை கூனைப்பூவுக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

மறுநாளும் தண்ணீர் நிற்கிற களியில் அவகாடோவின் வேர் அழுகிவிடும். கூனைப்பூவுக்கு முதலில் குளிர்க் கணக்கு. இரவில் 10 டிகிரிக்குக் கீழே ஐந்து மணி நேரம் இருந்தாலும், அறுபது நாளுக்கு 300 மணி நேரம். குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்களுக்கு இது சரியாக இருக்கும். இம்பீரியல் ஸ்டார் அப்படிப்பட்டது, விதை போட்ட முதல் பருவத்திலேயே மொட்டெடுப்பதற்காக உருவாக்கினது. கிரீன் குளோப் புகழ்பெற்றதுதான், ஆனால் விதையிலிருந்து வரும் செடிகள் ஒன்று போல இன்னொன்று இராது, குளிரும் அதிகம் கேட்கும். குளிர் தொடங்குவதற்கு எட்டு வாரம் முன்னால் விதை போட்டு, நாற்று நான்கைந்து இலையோடு நிற்கும்போது குளிரைச் சந்திக்கும்படி பாருங்கள். நான் செய்த தவறை அப்படியே தலைகீழாக்கினால் போதும். குளிர் போதாத இடங்களில் பண்ணைக்காரர்கள் ஜிப்ரெல்லிக் அமிலம் தெளித்துச் செடியை ஏமாற்றுவதுண்டு. உங்களுக்கு அது தேவைப்படாது.

ஆனால் அந்த வாஷிங் மெஷின் குழாயை முதலில் வேறு பக்கம் திருப்புங்கள். இதில் பேரம் இல்லை. களிமண்ணில் தினமும் சோப்புத் தண்ணீர் இறங்கினால் அதிலுள்ள சோடியம் மண்ணை இன்னும் இறுக்கிவிடும். கூனைப்பூ ஓரளவு உப்பைப் பொறுத்துக்கொள்ளும். அவகாடோ பொறுக்கவே பொறுக்காது, இலை நுனி தீய்ந்தது போலப் பழுப்பாகும். குழாயைத் திருப்பிவிட்டு மண்ணை இரண்டு வாரம் காய விடுங்கள். களியில் மணலைக் கொட்டிக் கலக்காதீர்கள், கொஞ்சம் மணல் கலந்த களி செங்கல் மாதிரி ஆகும். மக்கிய உரமும் இலைச்சருகும் கலந்து ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். செடிக்குச் செடி நான்கடி இடைவெளி. அசுவினி வரும், நிச்சயமாக வரும், மடலுக்குள்ளே ஒளிந்துகொள்ளும், எறும்பும் கூடவே வரும். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பாதி போய்விடும். வெட்டின மொட்டை உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் தலைகீழாக முக்கி வையுங்கள், மீதி வெளியே வரும். மனைவி அதைப் பார்க்காமல் இருப்பது உத்தமம்.

ஒரே ஒரு மொட்டை மட்டும் பறிக்காமல் விடுங்கள். நீங்கள் படத்தில் பார்த்த ஊதா அதுதான், நேரில் இன்னும் அழகு. தேனீ வந்து விழும்.

"இரண்டையும் சேர்த்தே வைத்தால்? அவகாடோ சின்னதாக இருக்கும்வரை இடையில் கூனைப்பூ" என்று யாராவது யோசனை சொல்வார்கள். நானே செய்து பார்த்தேன், மூன்றாவது அவகாடோ போனது அதனால்தான். பக்கக்கன்று பிரிக்க மண்வெட்டி போட்டேன். மேலாகப் படர்ந்திருந்த அவகாடோ வேரைப் பாதி அறுத்துவிட்டேன். அந்த மரத்தின் அடியில் எதையும் கிளறக் கூடாது, சருகு மூடாக்கைத் தடிமனாகப் போட்டு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி விட்டு, அப்படியே இருக்க விட வேண்டும்.

கடலை விஷயம். அதைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு மூன்று மடங்கு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், அடியில் ஓட்டை நிறைய இருக்கட்டும். தண்டு பென்சில் பருமன் வந்ததும், நல்ல மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி வாங்கி மென்தண்டு ஒட்டுக் கட்டலாம். வேர் கடலையுடையது, மேலே நீங்கள் விரும்பும் ரகம். தொட்டியிலேயே வைப்பதென்றால் வுர்ட்ஸ் மாதிரிக் குட்டை ரகத்தின் குச்சி கிடைக்கிறதா பாருங்கள். கட்டத் தெரிந்தவர் யாரையாவது கூப்பிடுங்கள். நான் முதலில் கட்டின நான்கும் காய்ந்தன, ஐந்தாவதுதான் பிடித்தது. ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டால் உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே மேலே போய்விடும். தொட்டியில் மரத்தின் அளவுக்குத்தான் காய் வரும், கூடை கூடையாக எதிர்பார்க்காதீர்கள்.

கொல்லைப்புறத்தான்:

நன்றி அக்கா. குழாயைத் திருப்பியாகிவிட்டது, பிளம்பர் வந்து ஒரு மணி நேரத்தில் முடித்தார். ஒட்டு பற்றி மகளிடம் பேசினேன். வேர் தன்னுடையது என்பதால் பெயர் மாறாது என்ற நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறாள்.

ஒரு சந்தேகம். இணையத்தில் கூனைப்பூ தேடினால் ஒருவர் "ஜெருசலேம் ஆர்டிசோக்" என்று போட்டு, விதைக்குப் பதிலாகக் கிழங்கு அனுப்புகிறார். இஞ்சி மாதிரி முண்டு முண்டாக இருக்கிறது. குளிரும் வேண்டாம், நட்ட நாலு மாதத்தில் தயார் என்கிறார். வாங்கட்டுமா?

பதில்: சருகு

வாங்காதீர்கள்! அது வேறு செடி. சூரியகாந்தி இனம், கிழங்குக்காக வளர்ப்பது, பெயரில் மட்டும்தான் ஆர்டிசோக். ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் மறுவருடம் முளைக்கும். 12-க்கு 10 அடியும் அதற்கே போய்விடும்.

பதில்: வேலியோரம்

எலுமிச்சை வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா?